தலைவரைப் போற்றுதலும் தலைமையை வளர்த்தலும்: மலாயாத் தமிழர் வரலாற்றெழுத்துக் குறித்து ஒரு திறனாய்வு

முன்னுரை

மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்களைப் பற்றி வெளிவரும் நினைவுமலர்க் கட்டுரைகளைத் தொடர்ந்து படித்து வருவோர்க்கு அவற்றின் அமைப்பு நன்கு பழகிப்போன ஒன்றாகும். இருள் சூழ்ந்த காலம் ஒன்று முதலில் காட்டப்படும். அக்காலத்தில் மக்கள் அறியாமையில் உழன்றனர் என்று கூறப்படும். பின்னர் ஒரு தலைவர் தோன்றுவார், மக்களைத் தட்டி எழுப்புவார், சங்கம் அமைப்பார், இதழ் நடத்துவார், மறைவார். அவர் விட்டுச் சென்ற இடம் இன்னும் நிரப்பப்படவில்லை என்ற ஏக்கத்துடன் கட்டுரை நிறைவுபெறும். நம் பல்கலைக்கழக மாணவர்கள் அளிக்கும் ஆய்வேடுகளிலும் இவ்வமைப்பே சிறு மாற்றங்களுடன் இடம்பெறக் காண்கிறோம்.

இவ்வெழுத்துகள் பொய்யானவை என்பது நம் கருத்தன்று. போற்றத்தக்கவரைப் போற்றுதல் ஒரு சமுதாயத்தின் கடமை. ஆயினும், கொந்தளிப்பான காலங்களில் மாற்றத்தை முன்னின்று நடத்தும் ஆற்றல் மக்களிடையே எவ்வாறு வளர்ந்தது, யாரால் வளர்க்கப்பட்டது, எங்கே வளராமல் நின்றது என்னும் வினாக்களுக்கு இவ்வெழுத்துகளில் விடை கிடைப்பதில்லை. தலைவரின் வரலாறு உண்டு. தலைமையின் வரலாறு இல்லை. இக்குறையை மலாயாத் தமிழர் வாழ்வின் சில நிகழ்வுகளைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறவினையால் எழுதப்பட்ட வரலாறு

முதலில் இவ்வெழுத்துகளின் மொழியை நோக்குவோம். தமிழாசிரியர்கள் வகுப்பறையில் நாள்தோறும் கற்பிக்கும் தன்வினை, பிறவினை என்ற பாகுபாடே இதற்குப் போதுமான கருவியாகும். திருந்து, திருத்து, எழு, எழுப்பு, உயர், உயர்த்து, திரள், திரட்டு என இணையிணையாக நிற்கும் வினைகளுள் நினைவுமலர்க் கட்டுரைகள் பெரும்பாலும் இரண்டாவதையே தேர்கின்றன. தலைவர் திருத்தினார், எழுப்பினார், உயர்த்தினார், திரட்டினார். மக்கள் எழுவாயாக வருவது அருமை. இரண்டாம் வேற்றுமை ஏற்றோ நான்காம் வேற்றுமை ஏற்றோதான் அவர்கள் தொடரில் இடம்பெறுகின்றனர். தலைவர் மக்களைத் திரட்டினார். மக்களுக்கு வழி காட்டினார். மக்கள் திரண்டனர் என்று வரும் இடங்களிலும் அது தலைவரின் குரலுக்கு எதிரொலியாகவே வருகிறது.

இஃது இலக்கண நுட்பம் மட்டுமன்று. பிறவினையால் எழுதப்படும் வரலாற்றில் செய்விப்பவர் மறைந்தவுடன் செயலும் மறைந்துவிடும். ஆகவேதான் இக்கட்டுரைகள் ஏக்கத்தில் முடிகின்றன. அவர் போல் இனி யார் என்ற வினா, தொடக்கத்திலிருந்தே தொடரமைப்பிற்குள் பதுங்கியிருந்த வினாவாகும்.

மேலைநாட்டில் தலைமை பற்றிய ஆய்வுகளும் நெடுங்காலம் பெரியோர் வாழ்க்கை வரலாறுகளாகவே இருந்தன. ஜேம்ஸ் மெக்கிரகர் பர்ன்ஸ் 1978இல் வெளியிட்ட நூலில், கொடுக்கல் வாங்கலாக அமையும் தலைமையையும், தலைவர், பின்பற்றுவோர் ஆகிய இருசாராரையும் உயர்த்தி மாற்றும் தலைமையையும் வேறுபடுத்திக் காட்டினார். ரொனால்டு ஹைஃபெட்ஸ் 1994இல் எழுதிய நூலில் மேலும் ஓரடி முன்சென்றார். தெரிந்த தீர்வைக் கொண்டு வல்லுநர் ஒருவர் சரிசெய்யக்கூடிய சிக்கல் ஒருவகை. மக்கள் தம் பழக்கங்களையும் மதிப்பீடுகளையும் தாமே மாற்றிக்கொண்டால் அன்றித் தீராத சிக்கல் மற்றொரு வகை. பின்னதில் தலைவர் செய்யத்தக்கது தீர்வை வழங்குவதன்று. வேலையை உரியவர் கையில் திருப்பி ஒப்படைப்பதே என்பது அவர் கொள்கை. தோட்டப்புறக் கள், சாதி, கல்வி, குடியுரிமை ஆகிய நம் சிக்கல்கள் யாவும் இரண்டாம் வகையைச் சார்ந்தவை என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

குறள் தரும் அளவுகோல்

இவ்வளவுகோலுக்காக மேலைநாட்டை மட்டுமே நாட வேண்டியதில்லை. திருக்குறட் பொருட்பாலில் அரசியல் என வகுக்கப்பட்ட 25 அதிகாரங்களுள் தெரிந்துதெளிதல், தெரிந்துவினையாடல் ஆகிய இரண்டும் ஆளைத் தேர்தலையும் ஆளிடம் பணியை ஒப்படைத்தலையும் பற்றியன. மேடைகளில் அடிக்கடி எடுத்தாளப்படுவது 517ஆம் குறளாகும். இன்ன செயலை இன்ன வழியால் இவன் முடிப்பான் என ஆராய்ந்து ஒப்படைக்க வேண்டும் என்பது அதன் பொருள். அதற்கு அடுத்த குறளை (518) மேடைகள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. ஒருவனைத் தகுதியுடையவன் எனக் கண்ட பின்னர் அவனை அச்செயலுக்கு உரியவனாகச் செய்தல் வேண்டும் என்கிறது அக்குறள். உரியவனாகச் செய்தலாவது, அதனைத் தானே முடிக்கவல்ல ஆற்றல் உடையவனாக அவனை ஆக்குவது என்ற கருத்தில் பரிமேலழகர் விளக்கம் அமைகிறது. ஆகவே தேர்ந்தெடுத்தல் முதற்படி. ஆற்றலும் உரிமையும் அளித்தல் இரண்டாம் படி. அவ்வதிகாரத்தின் இறுதிக் குறள் (520) செய்பவனை நாள்தோறும் கவனித்து வரவேண்டும் எனக் கூறி மூன்றாம் படியையும் காட்டுகிறது. இவற்றோடு, இடித்துரைப்பார் இல்லாத அரசன் கெடுப்பார் இன்றியும் கெடுவான் என்னும் 448ஆம் குறளின் கருத்தையும் இணைத்துக்கொண்டால் நான்கு வினாக்கள் கிடைக்கின்றன. ஆள் தேரப்பட்டாரா? ஆற்றலும் உரிமையும் அளிக்கப்பட்டனவா? தொடர்ந்து கவனிக்கப்பட்டாரா? தலைவரையே இடித்துரைக்கும் இடம் அவருக்கு இருந்ததா?

வள்ளுவர் பேசுவது அரசனையும் அவன் வினைசெய்வாரையும் பற்றி என்பதை நாம் மறக்கவில்லை. குடியாட்சிக் காலச் சங்கத்திற்கும் இதழுக்கும் அதனை அப்படியே பொருத்துதல் கூடாது. தலைமைப் பயிற்சிப் பட்டறைகளில் குறளை முழக்கவரியாக்கும் போக்கும் நமக்கு உடன்பாடன்று. குறள் எழுப்பும் வினாக்களை மட்டுமே ஈண்டுக் கடன் கொள்கிறோம்.

கிள்ளான், 1941

முதற் சான்று 1941ஆம் ஆண்டுக் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தமாகும். போர்க்கால ரப்பர்த் தேவையால் தோட்டங்கள் இலாபம் ஈட்டிய காலம் அது. 1938இல் இந்திய அரசு மலாயாவுக்கான உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தை நிறுத்தியிருந்தமையால், புதிய ஆட்களை வரவழைத்துக் கூலியைத் தாழ்த்தும் பழைய வழியும் அடைபட்டிருந்தது. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் தொழிலாளர்களை ஒருங்கிணைத்தார்.

அவ்வேலைநிறுத்தக் கோரிக்கைகள் ஆழ்ந்து நோக்கத்தக்கவை. சீனத் தொழிலாளர்க்கு இணையான கூலி மட்டும் கேட்கப்படவில்லை. கொடுமை செய்யும் தோட்ட அலுவலர்களை நீக்குதல், பிள்ளைகளுக்கு முறையான கல்வி, பெண்களிடம் தகாத முறையில் நடத்தலை ஒழித்தல், கள்ளுக்கடைகளை மூடுதல், கூட்டம் கூடும் உரிமை ஆகியனவும் கேட்கப்பட்டன. துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழித்தலும் அவற்றுள் ஒன்று. இக்கோரிக்கைகளுள் பலவும் லயத்தில் வாழ்ந்தவர் நாள்தோறும் பட்ட அவமானத்திலிருந்து பிறந்தவை. மிதிவண்டிக் கோரிக்கையை வெளியிலிருந்து வந்த தலைவர் ஒருவர் சிந்தித்துக் கண்டுபிடித்திருக்க இயலாது என்றே கருதுகிறோம். அதில் தொழிலாளியே எழுவாய்.

1941 மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். தலைவரை அகற்றினால் போராட்டம் அடங்கும் என்று அரசு எதிர்பார்த்திருக்கலாம். நடந்தது வேறு. அவரை விடுவிக்கக் கோரி வேலைநிறுத்தம் மேலும் பரவியது. சிலாங்கூரில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது, படைகள் வந்தன, துப்பாக்கிச் சூட்டில் ஐவர் உயிரிழந்தனர், பலர் சிறைப்பட்டனர், நாடு கடத்தப்பட்டனர். நாதனும் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்.

இங்கே இரண்டு உண்மைகளை ஒருங்கே காண வேண்டும். தலைவர் இல்லாதபோதும் மக்கள் எழுந்தனர் என்பது ஒன்று. எழுந்தவர்களைத் தாங்கிப் பிடிக்கும் இரண்டாம் நிலைத் தலைவர்கள் போதிய அளவில் உருவாகியிருக்கவில்லை என்பது மற்றொன்று. இயக்கம் தொடங்கிச் சில மாதங்களே ஆகியிருந்த நிலையில் 518ஆம் குறள் கூறும் உரியவராக்கும் பணிக்குக் காலம் வாய்க்கவில்லை. துணிவு இருந்தது, அத்துணிவை நாள்தோறும் நடத்திச் செல்லும் பயிற்சி இல்லை. வரலாற்றெழுத்து நாதனைப் போற்றுகிறது, அல்லது அடக்குமுறையைப் பழிக்கிறது. இவ்விரண்டாம் உண்மையைப் பாடமாக எடுத்துரைப்பதில்லை.

படைமுகாமிலிருந்து தொண்டர் படைக்கு

அப்பயிற்சி எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. சப்பானியர் ஆட்சிக் காலத்தில், 1943இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸின் தலைமையில் இந்திய தேசிய இராணுவம் புத்துயிர் பெற்றபோது மலாயாத் தோட்டப்புறத் தமிழர்கள் பெருமளவில் சேர்ந்தனர். அவ்வாண்டு அக்டோபரில் சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படைப்பிரிவின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. மருத்துவர் லட்சுமி சுவாமிநாதன் அதற்குத் தலைமை ஏற்றார். தோட்டப் பெண்கள் கணிசமாக அதில் இடம்பெற்றனர். அவ்விராணுவம் சப்பானியரைச் சார்ந்திருந்தமை பற்றிய விவாதம் தனியே நிகழ வேண்டியது; சயாம் மரண ரயில் பாதையில் மடிந்த தமிழர்களை மறந்து அதனைப் பேசலாகாது. ஈண்டு நம் கவனம் வேறு. பால்மரம் சீவிய கைகளும் மற்றவர்க்கு ஆணையிட்டுப் பழகின. அணிவகுத்தல், கணக்கு வைத்தல், கூட்டத்தில் பேசுதல் ஆகியவற்றைக் கற்றன. கங்காணியின் கீழும் கிராணியின் கீழும் ஆணை கேட்டே வாழ்ந்தவர்க்கு இது சிறிய மாற்றமன்று.

போர் முடிந்தபின் இதன் விளைவு வெளிப்பட்டது. 1946, 1947ஆம் ஆண்டுகளில் கெடா மாநிலத் தோட்டங்களில் தொண்டர் படைகள் தோன்றின. பீடோங் வட்டாரத்து ஹார்வர்டு தோட்டத்தைச் சேர்ந்த ஏ. எம். சாமி இவற்றுள் முதன்மை பெற்றார். கள்ளுக்கடை மறியல், தோட்டத்தில் ஒழுங்கு, சமூகச் சீர்திருத்தம் ஆகியன இவர்களுடைய பணிகள். முகாம்களில் கற்ற இராணுவ ஒழுங்கு இவற்றில் தெளிவாகப் பதிந்திருந்தது. கள்ளை ஒழிக்க வேண்டும் என நகர்ப்புறச் சீர்திருத்தவாதிகள் பல்லாண்டுகளாக எழுதி வந்தனர். கடையை மறித்து நின்றவர்களோ தோட்டத்து இளைஞர்கள். திருத்துதல் திருந்துதலாக மாறிய தருணம் இது எனலாம். காவல்துறையுடன் ஏற்பட்ட மோதல்களுக்குப் பின் அப்படைகள் ஒடுக்கப்பட்டன. 1948 ஜூனில் நாடெங்கும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அனைத்து மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி 1949 மே மாதம் தூக்கிலிடப்பட்டார். இவ்வாறு ஒரு தலைமுறைத் தலைமை முளையிலேயே கிள்ளப்பட்டது.

இப்பகுதியில் நினைவெழுத்தின் மற்றொரு குறையும் புலனாகிறது. ஜான்சி ராணிப் படையிலிருந்து பொதுவாழ்வுக்கு வந்த ஜானகி ஆதி நாகப்பன் போன்ற ஓரிருவர் பெயர் நிலைத்துள்ளது. அவருடன் அணிவகுத்த தோட்டப் பெண்கள் போருக்குப் பின் என்ன ஆயினர்? மீண்டும் நிரைக்கே திரும்பினர், வரலாற்றிலிருந்தும் மறைந்தனர். முகாமில் உரியவராக்கப்பட்டவர்களை, முகாம் கலைந்தபின் நாள்தோறும் நாடுவார் எவரும் இல்லை. தொழிற்சங்கமும் கட்சியும் அவர்களுக்கு இடம் வைத்திருக்கவில்லை. ஓர் ஆற்றல் வளர்க்கப்பட்டுப் பின் வீணடிக்கப்பட்டதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுவதில்லை.

இதழே வகுப்பறையாதல்

மூன்றாம் சான்று, அவசரகாலக் கெடுபிடிகளுக்கு இடையே தமிழ் இதழ்கள் ஆற்றிய பணியாகும். ஊரடங்கும் கம்பிவேலியும் தோட்டப்புற வாழ்வைச் சூழ்ந்திருந்த 1950ஆம் ஆண்டில், கோலாலம்பூர்த் தமிழ் நேசனில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் கதை வகுப்பைத் தொடங்கினர். சிறுகதை எழுதுவது எவ்வாறு என்பதைப் பாடமாகவும் பயிற்சியாகவும் நடத்திய முயற்சி அது. பின்னர் அவ்விதழின் ஆசிரியப் பொறுப்பில் பணியாற்ற வந்த கு. அழகிரிசாமி, 1957இல் தாயகம் திரும்பும் வரை இலக்கிய வட்டக் கூட்டங்கள் வாயிலாக உள்ளூர் எழுத்தாளர்களின் படைப்புகளை அவர்கள் முன்னிலையிலேயே திறனாய்ந்தார்.

சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணியின் தமிழ் முரசு 1950களின் தொடக்கத்தில் மாணவர் மணிமன்றம் என்னும் பகுதியை அமைத்தது. 1924இல் சிங்கப்பூர் வந்து, 1935இல் தமிழ் முரசைத் தொடங்கியவர் சாரங்கபாணி. சீர்திருத்த இயக்கம், 1952 முதல் நடந்த தமிழர் திருநாள், 1957ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின்கீழ்த் தமிழர்களைப் பதியச் செய்த இயக்கம் எனப் பலவும் அவர் பெயருடன் பேசப்படுகின்றன. அவை யாவும் பேசத்தக்கனவே. ஆயினும் நம் அளவுகோலின்படி மணிமன்றமே அவர் பணிகளுள் தலையாயது என்போம். மாணவர் எழுதியதை அச்சில் ஏற்றியது அது. பெயரை அச்சில் கண்ட மாணவர் ஊரில் நண்பர்களைக் கூட்டினார், மன்றம் அமைத்தார், செயலாளர் ஆனார், கூட்டக் குறிப்பு எழுதினார். பிற்காலத்தில் மலாயாவெங்கும் பரவிய தமிழ் இளைஞர் மணிமன்றங்களுக்கு அதுவே வித்தாயிற்று. அடுத்த இரு தலைமுறைகளின் எழுத்தாளர்கள், ஆசிரியர்கள், சங்கப் பொறுப்பாளர்கள் பலர் அந்நாற்றங்காலில் வளர்ந்தவர்கள்.

இவ்வகுப்புகளுக்கும் மன்றங்களுக்கும் அடிப்படையாக இருந்த நம்பிக்கை ஒன்றே. எழுத்தாளர் பிறப்பதில்லை, ஆக்கப்படுகிறார் என்பதே அது. நினைவுமலர்க் கட்டுரைகள் தலைவர்களைப் பற்றிக் கொண்டிருக்கும் நம்பிக்கைக்கு இது நேர்மாறானது. தாம் எதை நம்பிச் செயற்பட்டார்களோ அதற்கு எதிரான நம்பிக்கையால் இன்று அவர்கள் போற்றப்படுகிறார்கள் என்பது வருந்தத்தக்க முரண்.

இத்துறையினர் மறக்கவொண்ணாத மற்றொரு நிகழ்வும் உண்டு. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை 1956இல் தோன்றியது. அதில் வடமொழிக்கு முதன்மை தர வேண்டும் என்ற பரிந்துரை எழுந்திருந்த நிலையில், தமிழே இடம்பெற வேண்டும் எனத் தமிழ் முரசு இயக்கம் நடத்தியது. துறையின் நூலகத்திற்காகத் தமிழ் எங்கள் உயிர் என்னும் நிதி திரட்டப்பட்டது. பல்கலைக்கழக வாயிலையே கண்டிராத எளிய தொழிலாளரும் தம் சிறு தொகையை அளித்தனர். பெருஞ்செல்வர் ஒருவரிடம் முழுத்தொகையையும் பெறுவதைவிட இது கடினமான வழி. ஆனால் கொடுத்தவர் ஒவ்வொருவரும் அத்துறைக்கு உரியவர் ஆயினர். நிதி திரட்டல் என்ற பெயரில் நடந்தது உரிமை திரட்டலாகும்.

குறைகளையும் கூறுதல்

இச்சான்றையும் நம் நான்கு வினாக்களால் சோதித்தல் முறையாகும். ஆள் தேர்தலும் ஆற்றல் அளித்தலும் கவனித்தலும் இங்கே நிகழ்ந்தன. நான்காம் வினாவிற்கு விடை அவ்வளவு நிறைவளிப்பதன்று. இதழாசிரியரை இடித்துரைக்கும் இடம் அவ்விதழிலேயே எவ்வளவு இருந்தது? ஒரே மனிதரின் இதழ், ஒரே மனிதரின் செல்வாக்கு, ஒரே மனிதரின் தொடர்புகள் ஆகியவற்றைச் சார்ந்து எழுந்த அமைப்புகள் அவர் முதுமையடைந்தபோது தளர்ந்தன. 1974இல் சாரங்கபாணி மறைந்தார். சிங்கப்பூரின் இறுதித் தமிழ்ப்பள்ளியாகிய உமறுப்புலவர் தமிழ்ப்பள்ளி 1982இல் மூடப்பட்டது. பொருளாதார, கல்விக் கொள்கை மாற்றங்களே அதற்கு முதன்மைக் காரணம். எனினும், அம்மாற்றத்தை முன்னுணர்ந்து மாற்றுவழி வகுக்கவல்ல குழு ஒன்று இருந்ததா என்ற வினாவை எழுப்பாமல் இருத்தல் இயலாது.

பெரிய தலைவர் இன்றி இவை எதுவும் நிகழ்ந்திருக்குமா என்று கேட்கப்படலாம். நிகழ்ந்திருக்காது என்பதே நேர்மையான விடை. நாதன் இன்றிக் கிள்ளான் இல்லை. சாரங்கபாணி இன்றி மணிமன்றம் இல்லை. நாம் மறுப்பது தலைவரின் இன்றியமையாமையை அன்று. அவர் எவ்விடத்தில் இன்றியமையாதவர் என்பதே வினா. எல்லாவற்றையும் தாமே செய்வதில் அன்று. பிறரைச் செய்யவல்லவர் ஆக்குவதிலேயே அவர் இன்றியமையாதவர். எனவே அவருடைய வெற்றியை அளக்கும் கோல், அவர் இல்லாத பத்தாவது ஆண்டில் எத்தனை பேர் அவர் பணியைத் தம் வழியில் செய்கின்றனர் என்பதாக இருத்தல் வேண்டும்.

நம் வகுப்பறைகள்

இவ்விடத்தில் திறனாய்வு நம் பக்கமும் திரும்புதல் வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் மாணவர் பேச்சுப்போட்டி ஒன்றிற்கு நடுவராகச் சென்றிருந்தோம். தலைப்பு, நாளைய தலைவர்கள் நாமே என்பது. பேசிய மாணவர் அனைவரும் திருத்தமாகப் பேசினர். ஒரு மாணவி மட்டும் நடுவில் ஒரு வரி மறந்து, அதற்குமேல் ஒரு சொல்லும் கூற இயலாமல் நின்றுவிட்டாள். போட்டி முடிந்தபின் அவளை அழைத்து, அந்த இடத்தில் உனக்குத் தோன்றியதைச் சொல்லியிருக்கலாமே அம்மா என்றோம். அவள் வியப்புடன், “அது டீச்சர் எழுதிக் கொடுத்ததுங்க ஐயா” என்றாள். தனக்கென ஒன்று தோன்றலாம் என்பதே அவளுக்குப் புதிய செய்தியாக இருந்தது.

அவ்வாசிரியரைக் குறைகூறும் தகுதி நமக்கில்லை. நம் மாணவர்களின் கருத்தரங்கக் கட்டுரைகளைத் திருத்தித் திருத்தி, அவை நம் கட்டுரைகளாகவே ஆகும் வரை நாமும் விடுவதில்லை. ஓராண்டு மாணவர் கருத்தரங்கம் ஒன்றை முழுமையாக மாணவர் பொறுப்பிலேயே விட்டோம். அழைப்புக் கடிதங்கள் தாமதமாயின. ஓர் அமர்வு நேரம் தவறியது. கட்டுரைகள் சிலவற்றில் ஒற்றுப்பிழைகள் மலிந்திருந்தன. விருந்தினர் முன் நமக்கு நாணமாகவே இருந்தது. ஆனால் மறு ஆண்டு, நாம் கேட்காமலேயே அம்மாணவர்கள் இளையோரை அமர்த்தி, கடிதம் எப்போது அனுப்ப வேண்டும், எங்கே தாம் தவறினோம் என்று கற்பித்துக் கொண்டிருந்தனர். முந்திய ஆண்டுகளின் பிழையற்ற கருத்தரங்குகளுக்குப் பின் அத்தகைய காட்சி ஒன்றையும் நாம் கண்டதில்லை.

2020 மார்ச் 18ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தபோது பள்ளிகள் ஒரே நாளில் வீடுகளுக்குள் முடங்கின. அந்நாட்களில் யாரும் ஆணையிடுவதற்கு முன்பே பாடங்களை ஒலியாகவும் ஒளியாகவும் பதிந்து புலனக் குழுக்களில் பகிர்ந்தவர்களுள் பதவி ஏதும் இல்லாத இளம் ஆசிரியர்களையும் நாம் கண்டோம். கொந்தளிப்பு எப்போதும் தலைவரை மேலிருந்து அனுப்பிவைப்பதில்லை. ஏற்கெனவே செய்து பழகியவரைத்தான் வெளிக்கொணர்கிறது. 1957இல் எண்ணூறுக்கும் மேற்பட்டனவாக இருந்த மலேசியத் தமிழ்ப்பள்ளிகள் இன்று ஐந்நூற்றுச் சொச்சமாகக் குறைந்துள்ளன. தோட்டங்கள் அழிந்து மக்கள் நகர்ப்புறம் பெயர்ந்தமை இதற்கு ஒரு பெருங்காரணம். எஞ்சிய பள்ளிகளிலும் பல, மாணவர் குறைந்த பள்ளிகள். இச்சிக்கலுக்குத் தீர்வை எழுதிக் கொடுக்க வல்ல டீச்சர் எவரும் இல்லை.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வினால் பெறப்படும் கருத்துகளைத் தொகுத்துக் கூறலாம். கிள்ளான் போராட்டம் துணிவு மட்டும் போதாது என்பதைக் காட்டுகிறது. படைமுகாமும் தொண்டர் படையும், பயிற்சி பெற்ற எளியோர் தாமே முன்னிற்க வல்லவர் என்பதையும், அமைப்பு இன்றேல் அவ்வாற்றல் சிதறும் என்பதையும் காட்டுகின்றன. கதை வகுப்பும் மணிமன்றமும் தலைமையை நாற்றங்காலில் வளர்க்கலாம் என்பதற்குச் சான்றாகின்றன. ஒருவரையே சார்ந்த நாற்றங்கால் அவரோடு வாடும் என்ற எச்சரிக்கையையும் தருகின்றன.

இனி நினைவுமலருக்கு எழுதுவோரும், ஆய்வேடு எழுதும் மாணவரும், அவர்களை வழிநடத்தும் நாமும் தலைவர் ஒருவரைப் பற்றி எழுதும்போது அவர் என்ன செய்தார் என்பதோடு நில்லாமல், அவருடன் இருந்தவர் யார், அவர்கள் என்ன கற்றனர், பின்னர் என்ன செய்தனர் என்று தேடுதல் வேண்டும். மணிமன்றச் செயலாளர்கள், தோட்டத் தொழிற்சங்கக் கிளைப் பொறுப்பாளர்கள், நூலக நிதிக்கு வீடுவீடாகச் சென்றவர்கள் ஆகியோருள் உயிருடன் இருப்போர் மிகச் சிலரே. அவர்கள் பெட்டிகளில் கூட்டக் குறிப்பேடுகள் இன்னும் கிடக்கின்றன. அவற்றைத் திறந்து பார்க்கும் பணியைக் கருத்தரங்கில் ஒரு தீர்மானமாக நிறைவேற்றினால் அது மீண்டும் பிறவினையாகிவிடும். நம் மாணவர்களிடம் ஒப்படைப்போம். பிழைகளோடு அவர்களே எழுதட்டும்.